இரண்டாவது பெட்டி: மார்ட்டின் செலிக்மனின் கையறுநிலை

யானைக் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். குட்டியாக இருக்கும்போது சங்கிலியில் கட்டிப்போடுவார்களாம். இழுத்து இழுத்துப் பார்த்து, முடியாதென்று விட்டுவிடுமாம். வளர்ந்த பிறகு ஒரு கயிறு போதுமாம். மரத்தையே பிடுங்கும் பலம் இருந்தும் கயிற்றை அறுக்காதாம். சுயஉதவிக் குழுப் பயிற்சி, ஆசிரியர் முகாம், காப்பீட்டு முகவர் கூட்டம் என்று எங்கே போனாலும் இந்த யானை நமக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருக்கிறது. கதையில் பாகன் மட்டும் வருவதில்லை. முதலில் சங்கிலி போட்டவன் யார், இப்போது கயிற்றுக்குப் பக்கத்தில் அங்குசத்தோடு நிற்பவன் யார் என்று சொல்பவரும் சொல்வதில்லை, கேட்பவரும் கேட்பதில்லை.

நானும் இந்தக் கதையைச் சொன்னவன்தான். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. இருபது வருஷத்துக்கு முன் வட மாவட்டம் ஒன்றில் ஓர் அரிசி ஆலைக்குக் கணக்கெடுக்கப் போன குழுவில் நான் இருந்தேன். அட்வான்ஸ் வாங்கிய பாவத்துக்கு அப்பனும் பிள்ளையுமாக நெல் அவித்துக் களத்தில் கிளறிக்கொண்டிருந்த இருளர் குடும்பங்கள். சாயங்கால நேரம். ஆலையின் பெரிய கேட் விரியத் திறந்து கிடக்கிறது. காவலாள் இல்லை. ஒரு பெரியவரிடம் கேட்டேன்: ‘கேட்டு தொறந்துதானே கெடக்கு பெரியவரே, ஏன் போகல?’ அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ‘கேட்டு தொறந்துதான் சார் கெடக்கு. அந்தாண்ட எடம் தொறந்து கெடக்கா?’ என்றார். அவ்வளவுதான், வாரியலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி அறிக்கை எழுதியது நான்தான். அதில் இப்படி எழுதினேன்: ‘இம்மக்களிடம் கற்றுக்கொண்ட கையறுநிலை காணப்படுகிறது.’ எங்கோ படித்த அமெரிக்க உளவியல் சொல். தமிழாக்கியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. முந்தின வருஷம் ஓடிப்போன ஒருவரை டிராக்டரில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் அடித்த கதை அடுத்த நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. அறிக்கையை நான் திருத்தவில்லை. பெரியவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார், நான் அதை ஒரு நோய்க்குறியாக எழுதி வைத்திருந்தேன்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப்போனபோது ஒரு மனிதரின் ஐம்பதாண்டு ஆய்வு வாழ்க்கை விரிந்தது. நாய்களில் தொடங்கி, மனச்சோர்வு நோயாளிகள், காப்பீட்டு முகவர்கள், பள்ளிப் பிள்ளைகள், ராணுவ வீரர்கள் வரைக்கும் போன வாழ்க்கை. நடுவில், அவர் விரும்பாமலே, ரகசியச் சிறைகளுக்குள்ளும் அது போய்வந்தது. கடைசியில் அவரே எழுதினார், ஆரம்பத்தில் சொன்னது தலைகீழ் என்று. இதைவிட ஒரு விமர்சகனுக்கு வேறென்ன வேண்டும்?

மார்ட்டின் செலிக்மன் 1942இல் நியூயார்க் மாநிலத்தின் அல்பனி நகரில் பிறந்தவர். பையனாக இருந்தபோதே அப்பா பக்கவாதத்தில் விழுந்து அடுத்தவர் கையை எதிர்பார்க்கிறவராகிப் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். தன் அக்கறையின் வேர் அங்கே இருப்பதாக அவரே எழுதியிருக்கிறார். அதை நான் சந்தேகிக்கவில்லை. பிரின்ஸ்டனில் தத்துவம் படித்துவிட்டு 1964இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் சாலமனின் சோதனைக்கூடத்துக்கு ஆய்வு மாணவராக வருகிறார். அங்கே ஒரு சோதனை ‘கெட்டுப்போய்’ கிடக்கிறது. பாவ்லோவ் முறையில் மணியோசையோடு மின்னதிர்ச்சி கொடுத்துப் பயம் பழக்கப்பட்ட நாய்களை வேறொரு பெட்டியில் விட்டு, ஓசை கேட்டால் தாவுகின்றனவா என்று பார்க்க வேண்டும். நாய்கள் தாவவில்லை. படுத்துக்கொண்டு முனகின. மூத்த மாணவர்களுக்கு எரிச்சல். செலிக்மனுக்கோ அந்தப் படுத்துக்கொண்ட நாய்தான் விஷயம் என்று பட்டது. கெட்டுப்போன சோதனையில் உண்மையைப் பார்க்கிற கண், அதை நாம் மெச்சத்தான் வேண்டும்.

ஸ்டீவன் மேயர் என்ற சக மாணவரோடு சேர்ந்து அவர் வடிவமைத்து 1967இல் வெளியிட்ட சோதனையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் அந்தப் பெட்டிகளுக்குள்தான் சுருண்டு கிடக்கிறது.

மூன்று குழு, குழுவுக்கு 8 நாய்கள். முதல் குழு நாய்களைத் துணித்தொட்டிலில் கட்டித் தொங்கவிட்டு மின்னதிர்ச்சி கொடுக்கிறார்கள். தலைக்குப் பக்கத்தில் ஒரு பலகை. தலையால் அதை அழுத்தினால் மின்சாரம் நிற்கும். நாய் சீக்கிரமே கற்றுக்கொள்கிறது. இரண்டாவது குழுவுக்கும் அதே தொட்டில், அதே பலகை, அதே அளவு மின்சாரம். ஆனால் இந்த நாய் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. முதல் குழு நாய் எவ்வளவு நேரம் வலியில் இருந்ததோ அதே நேரம்தான் இதற்கும். உளவியல்காரர்கள் இந்தக் குழுவுக்கு வைத்த பெயர் ‘நுகத்தில் பூட்டியது’ என்ற பொருளுடையது. நுகம் என்ற சொல்லை அவர்கள் யோசித்து வைத்தார்களோ என்னவோ, நமக்கு அது யோசிக்காமலே புரிகிறது. மூன்றாம் குழுவுக்கு மின்சாரமே கிடையாது.

மறுநாள் எல்லா நாய்களையும் இரண்டாவது பெட்டிக்குள் விடுகிறார்கள். இரு அறைகள், நடுவில் நாயின் தோள் உயரத்துக்கு ஒரு தடுப்பு. விளக்கு மங்கும். சற்று நேரத்தில் தரையில் மின்சாரம் பாயும். தடுப்பைத் தாண்டிக் குதித்தால் தப்பலாம். பலகை அழுத்தத் தெரிந்த நாய்களும் மின்சாரமே அறியாத நாய்களும் தாவக் கற்றுக்கொண்டன. நுகத்தடிக் குழுவின் 8 நாய்களில் 6 கற்றுக்கொள்ளவில்லை. முதலில் கொஞ்சம் ஓடின, பிறகு படுத்துவிட்டன, மின்சாரம் பாயப் பாய முனகிக்கொண்டே கிடந்தன.

இது நடத்தைவாதத்துக்கு விழுந்த பலமான அடி. ஸ்கின்னர் வழிவந்தவர்களின் கணக்கில், ஒரு பிராணி கற்பதெல்லாம் செயலைத்தான். செய்தால் கூலி, செய்தால் தண்டனை. ‘நான் எது செய்தாலும் ஒன்றுதான்’ என்ற ஒன்றை நாய் அறிந்துகொள்ள முடியும் என்றால், நாய்க்குள் ஓர் அறிதல் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அசையாமல் கிடப்பதைத்தான் அந்த நாய்கள் கற்றுவிட்டன என்று வாதாடினார்கள். மேயர் 1970இல் அசையாமல் நின்றால் மின்சாரம் நிற்கும்படி ஒரு சோதனை செய்தார். அப்படிப் பழகிய நாய்கள் இரண்டாவது பெட்டியில் தாவத்தான் செய்தன. சிக்கல் அசைவில் இல்லை, தன் செயலுக்கும் உலகத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோனதில்தான் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. மனித மனத்தை எலிப்பொறியாக்கி வைத்திருந்த ஒரு துறைக்குள்ளிருந்து இப்படியொரு குரல் வந்தது சின்ன விஷயமல்ல.

இனி வாசிப்புக்கு வருவோம். அறிவும் அதிகாரமும் என்று ஃபூக்கோவை இழுக்காமலே சொல்லிவிடலாம்: தொட்டிலில் கிடந்த நாய் தப்பாக எதையும் கற்கவில்லை. அதன் பலகை உண்மையிலேயே எங்கும் இணைக்கப்படவில்லை. ‘நான் எது செய்தாலும் ஒன்றுதான்’ என்று அது முடிவுகட்டியிருந்தால், அந்த அறையில் இருந்தவர்களில் உண்மையை அனுபவித்து அறிந்த ஜீவன் அது ஒன்றுதான். அது ‘பிழை’ ஆவது இரண்டாவது பெட்டியில். ஏன்? இரண்டாவது பெட்டியில் தப்ப வழியிருக்கிறது என்பது சோதனையாளருக்குத் தெரியும். அவர்தான் அதைக் கட்டியவர். நாய்க்கு யாரும் சொல்லவில்லை. தொட்டிலில் கட்டியதும் அதே கை, தடுப்பைத் தாழ்த்தி வைத்ததும் அதே கை என்பதை நாய் எப்படி அறியும்? அறிந்தால் மட்டும் அந்தக் கையை எதற்காக நம்ப வேண்டும்?

செலிக்மனின் கோட்பாடு முழுவதும் இந்த இரண்டாவது பெட்டியின்மேல் நிற்கிறது. முதல் பெட்டியின் உலகம் மாறிவிட்டது, பிராணிக்குத்தான் அது தெரியவில்லை என்ற ஊகம் அது. சோதனைக்கூடத்தில் இந்த ஊகத்துக்குச் சோதனையாளர் பிணை. வெளியே யார் பிணை? அரிசி ஆலையில் கேட் திறந்து கிடந்ததைப் பார்த்த நான் அதை இரண்டாவது பெட்டி என்று முடிவுகட்டினேன். பெரியவருக்கு அது முதல் பெட்டியின் நீட்சி என்று தெரிந்திருந்தது.

‘கற்றுக்கொண்ட’ என்ற அடைமொழியைக் கவனியுங்கள். தமிழில் அது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. கற்றுக்கொண்டது என்றால் வினைமுதல் நாய். கற்பித்தவர் வாக்கியத்தில் இல்லை. நான் பெருமையோடு எடுத்துப் போட்ட ‘கையறுநிலை’ என்ற சொல்லோ நம் மரபில் ஒரு துறையின் பெயர். தலைவன் மாண்டபின் சார்ந்திருந்தோர் செயலற்றுப் புலம்புவது. பாரி மகளிர் பாட்டு அந்தத் துறைதான். கை அற்றுப்போனவர்கள்தான் அந்தப் பெண்கள், ஆனால் இழந்தது எது, எடுத்துக்கொண்டது யார் என்பதை அவர்கள் விடவில்லை. நான் சொல்லை எடுத்துக்கொண்டேன், அதன் நினைவை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டேன்.

1968இல் இன்னொரு ஆய்வு. சுருண்ட நாய்களை எப்படிக் குணப்படுத்துவது? தடுப்பையே எடுத்துப் பார்த்தார்கள், மறுபக்கம் தீனி போட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. கடைசியில் கழுத்தில் கயிறு கட்டி மறுபக்கத்துக்கு இழுத்தார்கள். ஒருமுறை, இருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிற பலம் குறையக் குறைய, நாய் தானே தாவிற்று. செலிக்மனின் ஆய்வுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. பேச்சு வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை, மறுபக்கத்தில் உண்மையிலேயே மின்சாரம் இல்லை என்பதை உடம்பு தெரிந்துகொண்டபோதுதான் நாய் எழுந்தது. இந்த ஆய்வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தால் அவருடைய பயணம் வேறு திசையில் போயிருக்கும். நாய்களுக்கு வலி கொடுப்பது தன்னை உறுத்தியது என்றும் அடிப்படைக் கேள்விக்கு விடை கிடைத்ததும் அதை நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். நிறுத்தினார். இழுத்த கயிற்றையும் அங்கேயே விட்டுவிட்டார்.

பிறகு மனிதர்கள். டொனால்ட் ஹிரோட்டோவோடு செய்த ஆய்வில் மாணவர்களுக்கு நிறுத்த முடியாத இரைச்சல் போட்டார்கள். 1975இல் கையறுநிலை பற்றிய பெரிய நூல் வந்தது, மனச்சோர்வு நோயின் மாதிரியே சுருண்ட நாய்தான் என்று. ஏழ்மையையும் குழந்தைகள் விடுதிகளையும் முதியோர் இல்லங்களையும்கூட அந்த நூல் தொட்டது. மனிதருக்கு வாழ்வின்மேல் பிடி வேண்டும் என்ற வாதம் அதில் உயிரோடு இருந்தது. இப்போது படித்தாலும் அந்தப் பக்கங்களில் ஒரு சூடு தெரிகிறது.

திருப்பம் 1978இல். லின் ஆப்ராம்சன், ஜான் டீஸ்டேல் ஆகியோருடன் எழுதிய மறுவரைவு. ஏன் எல்லோரும் சுருண்டுவிடுவதில்லை என்ற நியாயமான கேள்விக்கு விடை தேடப் போனார்கள். அதே துன்பத்தை ஒருவர் எப்படி விளக்கிக்கொள்கிறார் என்பதில் இருக்கிறது சூட்சுமம் என்றார்கள். தப்பு என்னிடமா வெளியிலா, என்றும் நிற்பதா போய்விடுவதா, எல்லாவற்றையும் பாதிப்பதா இந்த ஒன்றை மட்டுமா? ‘என்னால்தான், எப்போதும், எல்லாவற்றிலும்’ என்று விளக்குகிறவர் சோர்வில் விழுகிறார். இதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். தன்னையே நொந்துகொண்டு கிடக்கிற நண்பர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் என்ன நடந்திருக்கிறது பாருங்கள்: பலகையின் ஒயர் இணைக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி, நாய் ஒயரைப் பற்றி என்ன நினைக்கிறது என்ற கேள்வியாக மாறிவிட்டது. சுவிட்ச் பக்கம் இருந்த விளக்கு நாயின் மண்டைக்குள் திருப்பிப் பிடிக்கப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கை. அவருடைய பட்டறையிலிருந்தே, 1979இல், லாரன் அல்லாயும் ஆப்ராம்சனும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பொத்தான், ஒரு பச்சை விளக்கு. பொத்தானை அழுத்துவதற்கும் விளக்கு எரிவதற்கும் எவ்வளவு தொடர்பு என்று சொல்ல வேண்டும். சோர்வுற்ற மாணவர்கள் ஏறத்தாழச் சரியாகச் சொன்னார்கள். சோர்வில்லாதவர்கள், விளக்கு அடிக்கடி எரிந்தபோது, ஒரு தொடர்பும் இல்லாத இடத்தில்கூடத் தங்கள் கைதான் எரிய வைத்தது என்றார்கள். பிற்காலத்தில் இதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு எல்லா இடத்திலும் இதே விடை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கேள்வி செத்துவிடவில்லை: ஆரோக்கியம் என்று நாம் சொல்வது கொஞ்சம் மாயைதானா? செலிக்மனுக்கு இந்தக் கேள்வி தெரியும். அவர் தேர்ந்தது பயன்படுகிற பக்கத்தை.

பயன் உடனே கிடைத்தது. 1980களில் மெட்ரோபாலிட்டன் லைஃப் காப்பீட்டு நிறுவனத்தின் முகவர்களைச் சோதித்தார்கள். நம்பிக்கையான விளக்கமுறை உடையவர்கள் அதிகம் விற்றார்கள், சீக்கிரம் வேலையை விட்டு ஓடவில்லை. பத்து வீட்டில் கதவைச் சாத்தினாலும் பதினோராவது வீட்டைத் தட்டுகிற ஆள் வேண்டும் கம்பெனிக்கு. அந்த வேலையில் ஏன் இத்தனை பேர் ஓடிப்போகிறார்கள் என்பது ஆய்வுக்கு வெளியே நின்றது. தொட்டிலை ஆராய வேண்டியதில்லை, சுருளாத நாயைப் பொறுக்கி எடுத்தால் போதும் என்றாகிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் நம்பிக்கையைக் கற்கலாம் என்ற நூல் வந்தது. 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர் ஆனார், நேர்மறை உளவியலை அறிவித்தார். இதுவரை நோயையே பார்த்தோம், இனி மகிழ்ச்சியை, வலிமையைப் பார்ப்போம் என்றார். டெம்பிள்டன் அறக்கட்டளைப் பணம் வந்தது. 2002இல் ஒரு சூத்திரம்: மகிழ்ச்சி என்பது பிறப்பில் அமைந்த வரம்பும் சூழலும் நம் விருப்பச் செயலும் சேர்ந்த கூட்டுத்தொகை. அதில் சூழலின் பங்கு சொற்பம், மாற்றுவதும் கஷ்டம் என்றார். பார்பரா எரன்ரைக் நேரில் போய் இந்தக் கூட்டலுக்கு அளவலகு என்ன என்று கேட்டிருக்கிறார். மீட்டரையும் கிலோவையும் கூட்ட முடியாதே! திருப்தியான பதில் கிடைக்கவில்லை என்று 2009இல் வந்த தன் நூலில் எழுதினார். சூத்திரத்தைப் பற்றி இதற்குமேல் நான் என்ன சொல்ல?

இந்த இடத்தில் கதை இருண்ட இடத்துக்குப் போகிறது. கவனமாகச் சொல்ல வேண்டும்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில், தீவிரவாதம் பற்றிப் பேச ஒரு சிறு கூட்டம் செலிக்மனின் வீட்டில் நடக்கிறது. வந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் மிட்சல், ராணுவத்தில் உளவியலாளராக இருந்தவர். 2002 மே மாதம் சான்டியாகோ கடற்படைத் தளத்தில் செலிக்மன் கையறுநிலை பற்றி மூன்று மணிநேரம் உரையாற்றுகிறார். பிடிபடும் அமெரிக்க வீரர்கள் சித்திரவதையைத் தாக்குப்பிடிப்பது எப்படி என்பதற்காகவே பேசினேன், விசாரணை முறை பற்றி யாரிடமும் பேசவில்லை, சித்திரவதையை முற்றாக எதிர்க்கிறேன் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு ஆகஸ்டில், தாய்லாந்தில் இருந்த ரகசியச் சிறையில், அபூ ஸுபைதா என்ற கைதியை 83 தடவை நீரில் மூச்சுத் திணறடித்தார்கள். திட்டம் வகுத்தவர்கள் மிட்சலும் ப்ரூஸ் ஜெஸ்ஸனும். அமெரிக்க செனட்டின் உளவுக் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின் சுருக்கம் இந்தக் கோட்பாட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கைதியைக் கையறுநிலைக்குத் தள்ளினால் ஒத்துழைப்பான் என்பது அவர்கள் ஊகம். அவர்களுடைய நிறுவனம் இதற்காக வாங்கிய பணம் 81 மில்லியன் டாலர். 2002 நவம்பரில் ஆப்கானிஸ்தான் சிறையொன்றில் குல் ரஹ்மான் என்பவர் அரை உடம்பில் துணியில்லாமல் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டுக் குளிரில் விறைத்துச் செத்தார். அவர் குடும்பமும் உயிர்தப்பிய இருவரும் அந்த இரு உளவியலாளர்மேல் போட்ட வழக்கு 2017இல் சமரசத்தில் முடிந்தது.

செலிக்மன் குற்றவாளி என்று நான் எழுதப்போவதில்லை. அவர் தெரிந்தே கொடுத்தார் என்பதற்குச் சான்று கிடையாது. கோட்பாடு திருடப்பட்டது என்று அவரைக் காப்பாற்ற வருபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வாசிப்பு என்ற அளவில் சொல்கிறேன்: மிட்சல் அந்த ஆய்வைத் தப்பாக வாசிக்கவில்லை. முதல் பெட்டியை மட்டும் வாசித்தார். சுவிட்சைப் பிடித்திருக்கும் கையை 1967இன் கட்டுரை ஒரு முறைமையாக, வெறும் ‘செய்முறை’ப் பத்தியாக எழுதியிருந்தது. அங்கே கை யாருடையது என்பது காலி இடம். காலியாக இருந்த இடத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டார். கையையும் சேர்த்து ஆராய்ந்திருந்தால், அதாவது வலி கொடுக்கிறவன் என்ன ஆகிறான், எதற்காகக் கொடுக்கிறான், யார் அவனுக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றும் கேட்டிருந்தால், அது இன்னொரு கோட்பாடாக இருந்திருக்கும். நியூ ஹேவனில் ஸ்டான்லி மில்கிராம் 1961இலேயே அந்தப் பக்கம் காமிராவைத் திருப்பியிருந்தார். அங்கே மின்சாரம் பொய், அழுத்திய கைகள் நிஜம்.

2009இல் ராணுவமே நேராக வந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் திரும்பத் திரும்பப் போருக்கு அனுப்பப்பட்டுக் குலைந்துபோன வீரர்கள், ஏறிக்கொண்டே போன தற்கொலைகள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு மனவலிமைப் பயிற்சி. அதற்காக பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நேர்மறை உளவியல் மையத்துக்குப் போட்டி ஒப்பந்தப்புள்ளி இல்லாமல் 31 மில்லியன் டாலர். இப்படிப் பெரிய சோதனையை முன்னோட்டம் பார்க்காமல், வீரர்களின் ஒப்புதல் கேட்காமல் நடத்தலாமா என்று ராய் ஐடல்சன் போன்ற உளவியலாளர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்ட இன்னொரு கேள்விதான் எனக்கு முக்கியம்: தப்பான போருக்கு அனுப்பப்பட்டவன் உடைந்துபோவது கோளாறா, அவனிடம் இன்னும் மிச்சமிருக்கும் ஆரோக்கியமா?

சரி, தலைகீழ் என்றேனே, அதற்கு வருகிறேன். மேயர் உளவியலை விட்டு மூளைக்குப் போனவர். கொலராடோவில் பல்லாண்டு எலிகளின் மூளைக்குள் அதே சோதனையைத் தேடிக்கொண்டிருந்தார். 2016இல் இருவரும் மறுபடி சேர்ந்து, ஐம்பதாண்டு நிறைவில், ஒரு கட்டுரை எழுதினார்கள். நாங்கள் 1967இல் சொன்னது நேர் எதிர்த்திசையில் இருந்தது என்று ஒளிவுமறைவில்லாமல் அதில் சொல்கிறார்கள். நீண்ட வலிக்கு முன் சுருண்டுபோவது கற்றுக்கொள்வதல்ல. அதுதான் உடம்பின் முதல் பதில். தண்டுமூளையில் ராஃபே என்ற நரம்புத் திரள் செரோட்டோனினைக் கொட்டுகிறது, உடம்பு ஒடுங்குகிறது. கற்க வேண்டியது அதற்கு மாறானதை: என் செயலால் இது நிற்கிறது என்பதை. அதை மூளையின் முன்புறணி கண்டறிந்தால் கீழே ராஃபேயை அடக்குகிறது. ஒருமுறை அப்படிக் கற்ற எலி, பிறகு தப்ப முடியாத வலி வந்தாலும் லேசில் சுருள்வதில்லை.

ஐம்பது வருஷம் தன் பெயரைச் சுமந்த கோட்பாட்டை இப்படிக் கவிழ்த்துப் போட ஒரு நேர்மை வேண்டும். நம் ஊர்ப் பெரிய மனிதர்களில் யார் செய்வார்கள் சொல்லுங்கள்? ஆனால் கட்டுரையின் தலைப்பில் ‘கற்றுக்கொண்ட’ அப்படியே நிற்கிறது. 2018இல் வந்த தன்வரலாற்று நூலில் செலிக்மன் இந்த நரம்புச் சுற்றுக்கு நம்பிக்கையின் பெயரைச் சூட்டுகிறார், எதிர்காலத்தை நல்லபடியாக நினைக்கும் பயிற்சிக்கே மறுபடி போகிறார். எனக்கு இங்கேதான் உடன்பட முடியவில்லை. எலியின் முன்புறணியைத் தட்டியெழுப்பியது நம்பிக்கை அல்ல. கூண்டில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. எலி அதைச் சுற்றியபோது மின்சாரம் நிஜமாகவே நின்றது. ஒயர் இணைக்கப்பட்டிருந்தது. ஒயர் இணைக்காத சக்கரத்தைச் சுற்றிய எலியும் அதே கூண்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதற்கு எந்தப் பயிற்சி முகாமும் உதவியிருக்காது. 1968இல் நாயை இழுத்த கயிறு சொன்னதும் இதைத்தான்.

‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்ற என் அறிக்கை வாக்கியம், ஆக, அதன் சொந்த அறிவியலாலேயே தப்பு. பெரியவர் எதையும் தப்பாகக் கற்றிருக்கவில்லை. அவர் கையில் யாரும் இதுவரை ஒயர் இணைத்த சக்கரத்தைக் கொடுத்ததில்லை, அவ்வளவுதான். நானும் கொண்டுபோகவில்லை. யானைக் கதையைத்தான் கொண்டுபோயிருந்தேன். இயக்கத்துக்காரர்கள் நாமும் சனங்கள் எழும்பவில்லை என்று அலுத்துக்கொள்ளும்போது எந்தப் பெட்டிக்கு வெளியே நின்றுகொண்டு பேசுகிறோம் என்று தோழர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

எட்டு மாதம் கழித்து, மனுமேல் மனு போட்டபின், கோட்டாட்சியர் ஜீப்பில் வந்தார். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விசாரணை, விடுதலைச் சான்றிதழ். களத்திலேயே மேசை போட்டு எழுதினார்கள். பெரியவர் தாளை வாங்கினார், எழுத்து தெரியாது, முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். ‘இத்த காட்னா டிராக்டர் வராதா?’ என்று கேட்டார். கோட்டாட்சியர் வராது என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. அவர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, குண்டானையும் பேத்தியையும் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினார். பத்தடி போய் நின்று திரும்பினார். ‘பஸ்ஸுக்கு யாரு சார் காசு குடுப்பா?’ என்றார்.